டைட்டானியம் என்று 34,000 ரூபாய்க்கு விற்றது துத்தநாகம்: விலை உயர்ந்த இயர்போன் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

விளம்பரத்தில் டைட்டானியம், பெரிலியம் என்று உலோகப் பெயர்களைப் பார்த்துவிட்டுப் பெரிய விலைக்கு இயர்போன் வாங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 34,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஜோடியின் கூடு, விற்றவர்கள் சொன்ன கிரேடு 5 டைட்டானியம் (கொஞ்சம் அலுமினியமும் வனேடியமும் கலந்த டைட்டானியம்) இல்லை. நிக்கல் முலாம் பூசிய துத்தநாகக் கலவை. ஊகத்தில் சொல்லவில்லை. எடை போட்டுப் பார்த்தாயிற்று, நகைக்கு டச் பார்க்கிற மெஷினில் வைத்தும் பார்த்தாயிற்று. விற்ற ஆன்லைன் கடைமீது நுகர்வோர் ஆணையத்தில் புகார் நடந்துகொண்டிருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: ஒரே டைட்டானியக் கட்டியிலிருந்து சிஎன்சியில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷினில், கடைந்தெடுத்த கூடு, அசல் பெரிலியம் டயாஃபிரம் (அதிர்ந்து ஒலி எழுப்புகிற மெல்லிய சவ்வு), 6என் ஒற்றைப் படிகச் செம்புக் கேபிள். மூன்றும் கற்பனைச் சரக்கு இல்லை என்பதுதான் இதில் சிக்கல். சென்ஹைசர் 2021இல் கொண்டுவந்த ஐஇ 900இன் கூடு உண்மையிலேயே அலுமினியக் கட்டியைக் கடைந்து செய்தது. அடுத்த ஆண்டு வந்த ஐஇ 600இன் கூடு ஸிர்கோனியம் கலந்த, படிக அமைப்பே இல்லாத ஓர் உலோகத்தை 3டி பிரிண்ட் செய்து எடுத்தது. அந்த உலோகத்தைக் கொடுக்கிற ஹெரேயஸ் கம்பெனியின் பெயர், கலவையின் பெயர் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். ஜப்பானின் ஃபைனல் கம்பெனி ஏ8000 என்ற இயர்போனுக்குத் தூய பெரிலியத்தில் டயாஃபிரம் செய்தது. அதன் கூடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெளியானபோது விலை ஏறக்குறைய 2,000 டாலர். இந்த மாதிரி அசல் சமாச்சாரங்கள் ஏற்கெனவே சந்தையில் இருப்பதால், அதே சொற்களை எடுத்து இன்னொரு கடைக்காரர் ஒட்டிக்கொண்டால் நமக்கு உறுத்துவதில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சத்தமும் மோசமில்லை, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சில வாரங்களில் காதுமடலின் உள்பக்கம், கூடு படுகிற இடத்தில் அரிப்பு. பிறகு சிவந்து செதில் விட ஆரம்பித்தது. ரப்பர் டிப்தான் காரணமோ என்று மாற்றிப் பார்த்தும் நிற்கவில்லை. தோல் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கவரிங் நகை, வாட்ச் பக்கிள் இதெல்லாம் உங்களுக்கு ஒத்துக்குமா?" என்பது. ஒத்துக்காது. தோலில் ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்டில் நிக்கல் அலர்ஜி என்று வந்தது. டைட்டானியத்தில் எங்கே சார் நிக்கல் என்று நான் கேட்க, அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றார்.

டைட்டானியம் தோலுக்குப் பகை இல்லாத உலோகம். பல்லுக்கும் எலும்புக்கும் உள்ளே வைக்கிற இம்பிளான்ட்களை அதில்தான் செய்கிறார்கள். ஐரோப்பிய யூனியனில் தோலில் தொடர்ந்து படுகிற பொருளிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், இடது பக்கக் கூட்டில், டிப் மாட்டுகிற குழல்முனையின் ஓரத்தில் மேற்பூச்சு உரிந்து செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. அசல் டைட்டானியத்துக்கு உரிவதற்குத் தோல் ஏது?

படம் எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். வியர்வையால் வந்த சேதம், வாரன்டியில் சேராது என்று முதல் பதில். சுரண்டினாலும் உள்ளேயும் அதே உலோகம்தானே இருக்கவேண்டும் என்று கேட்டதற்கு, டைட்டானியம் என்பது அந்த மாடலின் நிறத்துக்கு வைத்த பெயர் என்றார்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும் அதுவும் மாறியது. டைட்டானியம் பூச்சு என்ற பொருளில் போட்டோம் என்றார்கள். அதே வாரத்தில் அவர்கள் தளத்தில் 'ஒரே டைட்டானியக் கட்டி' என்ற வரி 'பிரீமியம் உலோகம்' என்று ஆகியிருந்தது.

நான் இருப்பது கோயம்புத்தூர். இந்த ஊரில் உலோகத்தைப் பற்றிக் கேட்க ஆள் தேடி அலையவேண்டியதில்லை. கணபதியில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கும், எனக்குத் தெரிந்த ஓர் அண்ணனிடம் கொண்டுபோனேன். இடது பக்கத்தை மட்டும் திறந்தோம். வலது பக்கத்தைத் தொடவே இல்லை; காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஒலி எழுப்புகிற பாகமான டிரைவரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கூட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தவர், "இது கடைஞ்சதே இல்லீங்க தம்பி. டை காஸ்டிங். உள்ள பாருங்க, எஜெக்டர் பின் குத்துன தடம்" என்றார்.

உள்பக்கம் வட்ட வட்டமாகச் சின்னப் பொட்டுகள். அச்சில் உருக்கி ஊற்றி இறுகிய துண்டை வெளியே தள்ளும் ஊசிகள் விடுகிற தடம் அது. குழல்முனையின் பக்கவாட்டில் மெல்லிய ஒரு கோடும் ஓடியது. அச்சின் இரண்டு பாதிகள் சேருகிற இடம். கடைந்த பொருளாக இருந்தால் உள்ளே கட்டர் ஓடிய வரிகள்தான் இருக்கும். வெளியே பாலிஷ் போட்டு மறைத்தாலும் உள்ளே யாரும் மெனக்கெடுவதில்லை. துத்தநாகம் 420 டிகிரி செல்சியசை ஒட்டி உருகிவிடும், அதனால் அச்சில் ஊற்றுவது சுலபம், மலிவு. டைட்டானியம் உருக 1,668 டிகிரி வேண்டும். கடைவதும் லேசில்லை. வெப்பத்தைச் சரியாகக் கடத்தாத உலோகம் என்பதால் சூடெல்லாம் கட்டர் முனையிலேயே தங்கி டூல் சீக்கிரம் தேய்ந்துவிடும், கவனிக்காவிட்டால் சுருள்சீவல் தீப்பிடிக்கவும் செய்யும். அந்த வேலைக்குத்தான் நாம் காசு கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து எடை. கேள்வியைக் கிட்டத்தட்ட முடித்துவைத்தது இதுதான், வீட்டிலேயே செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டுகிற சின்னத் தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. காலிக் கூட்டின் எடை 7.92 கிராம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, கூட்டை நூலில் கட்டி அடியில் தட்டாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிட்டால் தராசு காட்டுவது, கூடு விலக்கிய தண்ணீரின் எடை. 1.19 கிராம் காட்டியது. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெட்டுவிடும் என்பதால் உதறி உதறித் திரும்பவும் பார்த்தேன். 7.92ஐ 1.19ஆல் வகுத்தால் 6.66. கிரேடு 5 டைட்டானியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.43 கிராம். அலுமினியம் 2.7, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எட்டை ஒட்டி, பித்தளை எட்டரை. டை காஸ்டிங்கில் ஊற்றுகிற துத்தநாகக் கலவை 6.6, 6.7. அசலாக இருந்தால் அந்தக் கூடு ஐந்தேகால் கிராம்தான் இருந்திருக்கும். கையில் கனமாக, 'பிரீமியமாக' இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டதே துத்தநாகத்தின் கனம்தான்.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் வீடியோ போடுகிறார்கள். நம்பவேண்டாம். டைட்டானியமும் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது. போதாததற்கு உள்ளே டிரைவரிலேயே காந்தம் இருக்கிறது.

உறுதிக்காக ராஜ வீதியில் தங்கத்துக்கு டச் பார்க்கிற ஒரு கடைக்குப் போனேன். அங்கே இருப்பது எக்ஸ்ஆர்எஃப் மெஷின். எக்ஸ்ரே பட்டால் ஒவ்வொரு தனிமமும் திருப்பி உமிழும் கதிரை வைத்து இன்னது இவ்வளவு என்று சொல்லும். இதில் தங்கம் எங்கே என்று கேட்டார் கடைக்காரர். இல்லை என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் வாங்கி வைத்தார். போகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். சில கடைகளில் நகைக்கு வேண்டிய உலோகங்களை மட்டும் மெஷினில் அமைத்திருப்பார்கள், அதனால் டைட்டானியம் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இன்னொன்று, அந்த மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும். முலாம் பூசிய பொருளை அப்படியே வைத்தால் முலாமைத்தான் பெரும்பாலும் சொல்லும். நான் முதலில் அப்படியே வைத்தேன்: நிக்கலும் செம்பும் வந்தன. ஓர் ஓரத்தை எமரி பேப்பரால் தேய்த்துவிட்டு வைத்தேன்: ஏறக்குறைய முழுதும் துத்தநாகம். கிரேடு 5 என்றால் டைட்டானியத்தோடு கொஞ்சம் வனேடியமும் தெரியவேண்டும். இரண்டு இடத்திலும் இரண்டுமே பூஜ்யம். ஆக, பூச்சு என்ற பொருளில் சொன்னோம் என்பதும் பொய். டாக்டர் சொன்ன நிக்கல் எங்கிருந்து வந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. துத்தநாக வார்ப்புக்கு முதலில் செம்பு, அதன்மேல் நிக்கல் என்று முலாம் பூசுவது வழக்கமான முறை.

துத்தநாகக் கலவையே கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற சீன இயர்போன்களில் பலவற்றுக்கு முகத்தகடு அதுதான். அதை அவர்களே எழுதியும் விடுகிறார்கள். அந்த விலைக்கு அது நியாயம்.

பெரிலியம் கதை இன்னும் வழுக்கல். எஃகைவிட இறுக்கம், அலுமினியத்தைவிட லேசு என்பதால் டயாஃபிரத்துக்கு அது அருமையான உலோகம். ஆனால் பெரிலியத் தகட்டிலேயே செய்த டயாஃபிரம் வேறு, பிளாஸ்டிக் படலத்தின்மேல் மெல்லிசாகப் பெரிலியம் படியவைத்தது வேறு. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். என் டிரைவரின் பின்னால் டார்ச் அடித்தால் டயாஃபிரத்தின் வழியே வெளிச்சம் தெரிகிறது. தகடாக இருந்தால் தெரியாது. அந்தப் பூச்சாவது பெரிலியமா என்பதை ராஜ வீதி மெஷினால் சொல்ல முடியாது, அவ்வளவு லேசான தனிமத்தை அது பார்க்காது. பார்க்கிறேன் பேர்வழி என்று யாரும் சுரண்டிவிடாதீர்கள். அசலாக இருந்துவிட்டால் அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம்.

கேபிள் செம்புதான். 6என் என்றால் 99.9999 சதவீதத் தூய்மை. அதை நானோ நீங்களோ சோதிக்க வழியில்லை, அதற்காகத் தனியாகக் காசு கொடுப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கூட்டைப் பற்றியும் கிட்டத்தட்ட அதே அபிப்பிராயம்தான். டிரைவர், காற்றுத்துளைகள், டிப் காதில் உட்காரும் விதம், இவை ஒலியை மாற்றுகிற அளவுக்குக் கூட்டின் உலோகம் மாற்றுவதில்லை. டைட்டானியக் கூட்டுக்குக் காசு கொடுப்பது லேசாக இருக்கும், தோலுக்கு ஒத்துக்கொள்ளும், நாள்பட உழைக்கும் என்பதற்காக. அந்த மூன்றில்தான் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள்.

பார்சல் பெட்டியைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, இறக்குமதி செய்தவரின் பெயரோ முகவரியோ அதில் எங்கேயும் இல்லை. 2011ஆம் ஆண்டின் எடையளவுப் பொட்டல விதிகளின்படி வெளிநாட்டுச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்ஆர்பி எல்லாம் இருந்தாக வேண்டும். பில்லிலும் மாடல் பெயர் இல்லை, வெறுமனே 'இயர்போன்' என்று இருந்தது. டைட்டானியம் என்றுதான் விற்றார்கள் என்பதைக் காட்ட என்னிடம் இருப்பது ஆர்டர் போட்ட அன்று எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்தான். பெரிய விலைக்கு எதை வாங்கினாலும் விளம்பரப் பக்கத்தைத் தேதியோடு பிடித்து வையுங்கள். எந்தப் பாகம் எந்த உலோகம், முழுதுமா பூச்சா என்று மெயிலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். போனில் சொல்வது எதற்கும் உதவாது. ஒழுங்கான கம்பெனிகள் ஒரு பக்கத்தின் எடையை வெளியிடுவார்கள். பெட்டி வந்ததும் போட்டுப் பாருங்கள்.

இனி புகார். ஆன்லைன் கடை என்றால் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. எனக்குத் தீர்வு என்ற பெயரில் கிடைத்தது, அதே கடையில் வேறு சாமான் வாங்கிக்கொள்ள ஒரு கூப்பன். வேண்டாம் என்றேன். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் கடைக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தந்தார்கள், பதிலில் திரும்பவும் வியர்வைதான். அதற்கப்புறம் மாவட்ட ஆணையத்தில் மனு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை.

வலது பக்கத்தைத் திறக்காமல் வைத்ததும் இதற்காகத்தான். பொருளை முத்திரையிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. திறந்து கிடக்கிற இடது பக்கத்தைக் காட்டி, கூட்டையே மாற்றிவிட்டார்கள் என்று கடைத்தரப்பு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இதே மாடலையோ இதே மாதிரி வாசகத்தோடு வந்த வேறொன்றையோ வாங்கி வைத்திருக்கிறவர்கள், திரும்பக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எடை போட்டு விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் எதையும் திறக்காமல், தேய்க்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். கெடு தாண்டிவிட்டது என்றால் ஒரு பக்கத்தில் மட்டும் கை வையுங்கள்.