மதுரை டயர் கடையும் மச்சானின் ஸ்டெப்னி புகாரும்

2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதுவரை மொட்டை டயரோடு ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது. எங்கே மாற்றலாம், நீங்கள் போகும் கடை எப்படி என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. "உங்கள் அக்கா வீட்டுக்காரரின் புது ஸ்டெப்னியை எடுத்துக்கொண்டு பழசை வைத்து அனுப்பினார்களாமே, அந்தக் கடைதானே?" என்று ஒரு கொக்கியும் போடுகிறார்கள். அந்தக் கடைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மச்சான் ஏற்கெனவே அதைத் தேவைக்கு அதிகமாகப் பரப்பிவிட்டார்.

வீல் அலைன்மென்ட், பேலன்சிங், பஞ்சர், டயர் விற்பனை, கொஞ்சம் சஸ்பென்ஷன் வேலை. மதுரையில் இப்படிப் பத்துக் கடைகள் இருக்கும். என் கார் சில வருடங்களாக இங்கேதான் போகிறது. வேலையில் குறை சொல்ல இடமே இல்லை என்பதுதான் என் எரிச்சலின் முதல் பாதி.

நட்டு முடுக்குவதைப் பார்த்தாலே தெரியும். பல கடைகளில் காற்றுத் துப்பாக்கியை வைத்து 'டர்ர்' என்று ஒரு அழுத்து அழுத்திவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவார்கள். நட்டு அளவுக்கு மீறி இறுகிவிடும். நடுவழியில் பஞ்சரானால், காரோடு வந்த அந்தச் சின்ன ஸ்பேனர்மீது ஏறி நின்று மிதித்தாலும் அசையாது. இந்தக் கடையில் துப்பாக்கியைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். காரைத் தரைக்கு இறக்கிய பிறகு, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ஸ்பேனரை எடுத்து, ஒரு நட்டு, அதற்கு எதிர் நட்டு என்று கையாலேயே முடுக்குகிறார்கள். 'டிக்' என்று சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். வேலை செய்யும் பையன்கள் வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்கள். அந்த 'டிக்' மட்டும் மாறவில்லை.

பஞ்சரும் அப்படித்தான். வெளியிலிருந்து கயிற்றைச் செருகி, மிச்சத்தை வெட்டிவிட்டுக் காசு வாங்குவது அவர்களுக்குப் பிடிக்காது. டயரைக் கழற்றி, உள்பக்கத்தைத் தேய்த்து, உள்ளிருந்து ஒட்டுகிறார்கள். ஆணி பக்கச் சுவரில் ஏறியிருந்தால் ஒட்டவே மாட்டார்கள். கெஞ்சினாலும் நடக்காது. நைட்ரஜன் அடிக்கச் சொல்லி ஒருமுறை கேட்டேன். "சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் சார், வாராவாரம் அழுத்தம் பார்த்தால் போதும்" என்றார் முதலாளி. இத்தனை காலத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

எரிச்சலின் மறுபாதியும் அதுதான். மனிதர் பேசமாட்டார். என்ன கோளாறு என்று கேட்டால் "பார்த்தாச்சு" என்பார். எவ்வளவு ஆகும் என்று கேட்டால் பில் புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவார். எதை மாற்றினார், எதை மாற்றவில்லை, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் நாமாகத் தோண்டி எடுக்க வேண்டிய தகவல்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கத் தோன்றும். கையில் இருக்கும் நேர்த்தியில் கால்வாசி நாக்கில் இருந்திருந்தால் இதை எழுதும் தேவையே எனக்கு வந்திருக்காது.

மச்சானிடம் இருப்பது டிசையர். ஸ்டீல் ரிம், மேலே வீல் கப், நான்கு டயர்களின் அளவிலேயே ஸ்டெப்னி. காரை அலைன்மென்டுக்கு விட்டுவிட்டு அவர் ஆபீஸ் போய்விட்டார். மாலையில் போய் எடுத்து வந்தது அக்காவின் மகன். கல்லூரிப் பையன். சாவியையும் பில்லையும் வாங்கினான், பில்லை டேஷ்போர்டுக்குள் போட்டான், வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டான். கார் லேசாக ஒரு பக்கம் இழுப்பதாக மச்சான் அப்போதே முணுமுணுத்தார். அலைன்மென்ட் சரியில்லை என்று முடிவு கட்டினாரே தவிர, குனிந்து ஒரு டயரையாவது பார்க்கவில்லை.

சில வாரம் கழித்துத் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். நான்குவழிச் சாலையில் சாத்தூர் தாண்டியதும் பின்டயரில் ஆணி. இருட்டில் டிக்கியைத் திறந்து, சாமான்களையெல்லாம் சாலையோரம் இறக்கி, அடியில் இருந்த ஸ்டெப்னியைத் தூக்கியிருக்கிறார். ஒரு நாளும் ரோட்டைத் தொடாத டயர் இருக்க வேண்டிய இடத்தில் தேய்ந்த டயர் ஒன்று. அதன் பக்கவாட்டில் பாதி எலுமிச்சம்பழம் கவிழ்த்துவைத்த மாதிரி ஒரு வீக்கம். அங்கே நின்றபடியே எனக்குப் போன் செய்தார். "மாப்பிள்ளை, நீங்கள் சொன்னீர்கள் என்றுதான் அந்தத் திருட்டுக் கடைக்குப் போனேன்." சாத்தூரிலிருந்து பஞ்சர் ஒட்டும் ஆளை வரவழைத்து, கல்யாண வீட்டு இரவுச் சாப்பாட்டைக் கோட்டைவிட்டு, நடுராத்திரியில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை மண்டபத்திலிருந்தே கடைக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறார். மறுமுனையில் வந்த பதில்: "பில்லைப் பாருங்கள் சார்." இணைப்பு துண்டிக்கப்பட்டது. இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு புகார் பரவுவதற்குக் கல்யாண மண்டபத்தைவிடத் தோதான இடமும் கிடையாது. பந்தி முடிவதற்குள் ஒரு டயர் இரண்டு டயராகி, பேட்டரியும் போயிற்று என்ற அளவுக்கு வந்துவிட்டது.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு நான் போய்க் காரைப் பார்த்தேன். திருட்டா இல்லையா என்று கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய துப்பறியும் வேலையல்ல. முன் இடது டயரின் ஓரத்தில் புது டயருக்கே உரிய அந்த ரப்பர் முடிகள் இன்னும் சில நீட்டிக்கொண்டிருந்தன. அச்சில் வார்க்கும்போது காற்று வெளியேற விட்ட துளைகளில் ரப்பர் புகுந்து உண்டாகும் முடி அது. ரோட்டில் உருளும் இடத்தில் சீக்கிரம் உதிர்ந்துவிடும், பக்கவாட்டில் கொஞ்ச காலம் நிற்கும். மற்ற மூன்று டயர்களில் மருந்துக்கும் இல்லை. அவற்றில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர், நன்றாகத் தேய்ந்திருக்க, இதில் மட்டும் பள்ளம் ஆழமாக இருந்தது. காணாமல்போன ஸ்டெப்னி எங்கேயும் போகவில்லை. வீல் கப்பை மாட்டிக்கொண்டு காருக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கார் ஒரு பக்கம் இழுத்ததற்குக் காரணமும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஒரே அச்சில் ஒரு பக்கம் தேய்ந்த டயரும் மறுபக்கம் தேயாத டயரும் இருந்தால் இரண்டின் விட்டமும் ஒன்றாக இருக்காது.

சந்தேகம் தீராதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தை. 1421 என்றால் 2021-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் ஒரு பக்கம்தான் இந்த எண் இருக்கும். அது உள்பக்கமாக அமைந்துவிட்டால் செல்போன் விளக்கோடு காருக்கு அடியில் தலையை நுழைக்க வேண்டியதுதான். நுழைத்தேன். வீங்கிய டயர், ஓடும் டயர்கள், முடி நீட்டிய டயர் ஐந்தும் ஒரே வருடம், அடுத்தடுத்த வாரங்கள். ஷோரூமிலிருந்து காரோடு வந்த அதே ஐந்து. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை.

வீக்கம் எப்படி வந்தது என்பதற்கு மச்சானின் தெருவே சாட்சி. குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை அள்ளிப்போட்டு மூடி, ஒரு மழைக்குள் அமுங்கிப்போன சாலை. காற்றுக் குறைவாக இருக்கும் டயர் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது, ரப்பர் சுவர் ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவே நசுங்குகிறது. வெளியே கீறல்கூடத் தெரியாது. சுவருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். காற்றழுத்தத்தைத் தாங்குவது அந்த இழைகள்தான், ரப்பர் அல்ல. இழை அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. மோதிய அன்றே வீக்கம் வர வேண்டும் என்றில்லை. சில நாள், சில வாரம் கழித்தும் எட்டிப்பார்க்கும். அதற்குள் கார் ஏதாவது ஒரு கடைக்குப் போய் வந்திருந்தால் பழி அந்தக் கடைமீது விழும். கடையில் டயரைக் கெடுக்க முடியாது என்று சொல்லவில்லை. மெஷினில் மாட்டும்போது அவசரப்பட்டால் ரிம்மோடு பொருந்தும் விளிம்பு கிழியும், ரிம்மில் கீறல் விழும். நடுச்சுவரில் இப்படி உப்பாது. உப்பிய டயரை ஒட்டவும் முடியாது. வேகத்தில் போகும்போது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகக் கடைக்காரர் செய்தது இதுதான். அலைன்மென்டுக்கு முன்னால் டயர்களைப் பார்த்திருக்கிறார். முன் இடதில் வீக்கம். அதைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, ஸ்டெப்னியை மாட்டி, பேலன்ஸ் செய்து, வீல் கப்பை எடுத்து இதில் பொருத்தி அனுப்பியிருக்கிறார். அதற்குக் காசு வாங்கவில்லை. என் அக்கா குடும்பத்தை வெடிக்கக் காத்திருந்த டயரின் மேலிருந்து இறக்கிவிட்டவரைத்தான் திருடன் என்று திருநெல்வேலி வரை சொல்லிவிட்டு வந்திருக்கிறார் மச்சான்.

இந்த இடத்தில் கடைக்காரரைத் தூக்கிவைத்துக் கொண்டாடத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு டேஷ்போர்டைத் திறந்தேன். பில் கிடைத்தது. கார்பன் பிரதி, அதுவும் கார்பன் தேய்ந்துபோன பிரதி. அலைன்மென்ட், தொகை, கையெழுத்து. அதற்கும் கீழே, விலாசம் அச்சடித்திருந்த வரியின்மேலேயே, நீலப் புகையாக ஏதோ தெரிந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்: "மு.இ. வீக்கம். ஸ்டெப்னி போட்டது. புது டயர் தேவை." எழுதியிருக்கிறார், பொய்யில்லை. யார் படிப்பதற்காக எழுதினார் என்பதுதான் தெரியவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். பையனிடம் சொன்னதாகச் சொன்னார். மருமகனைக் கேட்டால், "ஏதோ ஸ்டெப்னி என்றார் மாமா" என்கிறான். அவன் காதில் மாட்டியிருந்த கருவியில் அப்போது என்ன பாட்டு ஓடிக்கொண்டிருந்ததோ. சரி, பையன்மீதும் தப்பு இருக்கட்டும். ஆனால் பில்லின் தலையில் மச்சானின் செல் நம்பர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஒரு போன் செய்திருக்கலாம். டிக்கியில் இருப்பது இனி ஸ்டெப்னி அல்ல என்பது காரின் சொந்தக்காரருக்குத் தெரியாமல், குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ராத்திரிப் பயணம் போயிருக்கிறார்கள். மச்சான் கோபத்தில் நின்றதால் ஆளை வரவழைத்தார். வேறொருவராக இருந்தால் இருட்டில் தடவிப் பார்த்து, வீங்கிய டயரையே மாட்டிக்கொண்டு எண்பதில் பறந்திருப்பார். டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது உண்மைதான். மச்சானின் காரில் அந்தக் கருவியும் கிடையாது, பெட்டியும் கிடையாது.

இதையெல்லாம் நான் கோபமாகத்தான் சொன்னேன். முழுவதையும் கேட்டார். "பில்லில் எழுதியிருக்கிறது சார்" என்றார். பிறகு ஒரு ஸ்கார்பியோவுக்கு அடியில் போய்விட்டார். டயரை மாற்றியதற்குச் சும்மா விடாமல் நூறு ரூபாய் வாங்கியிருந்தால், அந்த நூறில் ஒரு நல்ல கார்பன் தாளாவது வாங்கியிருக்கலாம்.

மச்சானிடம் ரப்பர் முடியைக் காட்டினேன், எண்ணைக் காட்டினேன், பில்லை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். "இதையெல்லாம் வாயால் சொல்வதற்கு என்ன?" என்றார். அதோடு விட்டுவிட்டார். திருடன் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றதாக எனக்குத் தெரியவில்லை. புது டயர்களை ஏசி போட்ட வேறொரு பெரிய கடையில் மாற்றிக்கொண்டார். அங்கே காபி கொடுத்தார்கள், திரையில் அலைன்மென்ட் கோணங்களைக் காட்டி விளக்கினார்கள், நைட்ரஜன் அடித்தார்கள், துப்பாக்கியால் நட்டை 'டர்ர்' என்று முடுக்கி அனுப்பினார்கள். அவருக்குப் பரம திருப்தி. அக்காவும் இனி அங்கேதான் போகட்டும் என்று நானும் சொல்லிவிட்டேன். நெடுஞ்சாலையில் ஸ்டெப்னி இருக்கிறதா இல்லையா என்று புதிர் போடும் கடை அவர்களுக்கு வேண்டாம்.

எனவே மதிப்பெண் கேட்பவர்களுக்கு: வேலைக்கு ஐந்துக்கு ஐந்து, கடைக்கு இரண்டு. இரண்டையும் கூட்டிச் சராசரி போடாதீர்கள். யாருக்கும் இந்தக் கடையை இனிமேல் நான் சிபாரிசு செய்வதாக இல்லை. என் காரின் முன்டயர்களில் தேய்மானக் கோடு வெளியே வந்துவிட்டது, அதாவது பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டது. அடுத்த வாரம் அதே கடையில் மாற்றப்போகிறேன். நீங்களும் போயே தீருவேன் என்றால், சாவியை வாங்குவதற்கு முன் பில்லை வெயிலில் பிடித்துக் கடைசி வரி வரை படியுங்கள். டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். காரை எடுத்துவர மருமகனை மட்டும் அனுப்பாதீர்கள்.