முந்திரிகைக் குலைக்கு எந்த ஓமோன்: எதிபோனா, அப்சிசிக் அமிலமா, ஒட்சினா?

மட்டக்களப்புக் கரையோரத்தின் வீட்டுப் பந்தல்களில் முந்திரிகை (திராட்சை) காய்க்கும்போது, ஒரே குலையில் சில பழங்கள் கறுத்திருக்க, பக்கத்துப் பழங்கள் பச்சையாகவே நிற்பதைக் காணலாம். இரவிலும் வெப்பம் தணியாத இடத்தில் தோலுக்கு நிறந்தரும் அந்தோசயனின் குறைவாகவே உருவாகும். இக்குறைக்கு, எதிலீன் வாயுவை வெளிவிட்டு வாழைக்குலையைப் பழுக்க வைக்கும் எதிபோனே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் முந்திரிகை, வாழையைப் போலப் பறித்த பின் பழுப்பதில்லை. கொடியிலேயே அதனைப் பழுக்கவைப்பதில் எதிலீனைவிட அப்சிசிக் அமிலம் என்னும் தாவர ஓமோனுக்கே பெரும் பங்குண்டு.

நிறம் மாறத் தொடங்கும்போது தெளித்தால் எதிபோனும் நிறத்தைக் கூட்டும். கூடவே பழத்தை மென்மையாக்கி உதிரவும் செய்யலாம். நெடுந்தூரம் கொண்டுசெல்ல வேண்டிய பழத்துக்கு அது சிறு குறையன்று. அப்சிசிக் அமிலம் விலை கூடியது, வெயிலில் சிதைவது. எனினும் நிறத்துக்கு மட்டுமெனில் அதுவே என் தெரிவு. சீனியை அது பெரிதாகக் கூட்டாது என்பதால், கறுப்பை நம்பிப் பறிப்பவருக்குப் புளிப்பே மிஞ்சக்கூடும்.

மணத்தைப் பொறுத்தவரை, பழுப்பதை விரைவுபடுத்தாமல் பிற்போடும் ஒட்சின் என்னும் தாவர வளர்ச்சி ஓமோனே முந்துகிறது. நிறம் மாறுவதற்கு முன்பே நப்தலீன் அசற்றிக் அமிலம் என்ற செயற்கை ஒட்சினைத் தெளித்த ஷிராஸ் என்னும் வைன் முந்திரிகை இனக் கொடிகளில், அறுவடை 23 நாட்கள் தள்ளிப்போனதாக அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டனர். அதே பருவத்தில் தெளிக்கப்பட்ட எதிபோனும், பலரின் எதிர்பார்ப்புக்கு மாறாக, அறுவடையை 6 நாட்கள் பிற்போட்டது. மிளகிலும் உள்ள ரொட்டண்டோன் என்னும் மணப்பொருள், எதுவும் தெளிக்காத கொடிகளின் வைனில் அளவிடக்கூடிய மட்டத்தில் இருக்கவில்லை. எதிபோன் வைனில் லீற்றருக்கு 2 நனோகிராமும், ஒட்சின் வைனில் 29 நனோகிராமும் இருந்தன. சிவப்பு வைனில் 16 நனோகிராமே மூக்குக்கு எட்டிவிடும். (ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் புலப்படுவதே இல்லை என்பது வேறு கதை.)

ஷிராஸின் மிளகு மணத்தை நம் பந்தல் இனங்களிடம் எதிர்பார்ப்பது பொருந்தாது. ஆயினும், குலையிலுள்ள பழங்களில் சீனி ஏறுவதை ஒட்சின் ஓரளவு சீராக்குவதால், நம் குறையின் வேரைத் தொடுவது அதுவே. அதன் இடர் காலத்தில் இருக்கிறது: கத்தரித்த கொடி பழம்தர ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகுமாதலால், ஜூனில் கத்தரித்து அறுவடையையும் பிற்போட்டால் குலைகள் ஒக்டோபர், நவம்பர் மழையில் அகப்பட்டு வெடிக்கும், அழுகும். ஒட்சினைத் தெளிக்க நினைப்பவர் ஏப்ரலிலேயே கத்தரித்துவிட வேண்டும்.