வாய்வழி உறவு: எந்தப் பாதுகாப்பு எந்த நோய்க்கு?

"வாயால்தானே, ஒன்றும் வராது" என்று நம்புகிறவர்கள் நிறைய. எச்.ஐ.வி.யை மட்டும் நினைத்துச் சொன்னால், அது பெருமளவு சரிதான். வாய்வழி உறவில் எச்.ஐ.வி. பரவுவது மிக அரிது. ஆனால் கொனோரியா (வெட்டை நோய்), சிபிலிஸ் (மேகப்புண்), கொப்புளம் வரவைக்கும் ஹெர்ப்பிஸ், எச்.பி.வி. என்ற வைரஸ் ஆகிய நான்கு பால்வினைத் தொற்றுகளும் இந்த வழியாக நன்றாகவே பரவும். ஒவ்வொன்றுக்கும் காப்பு வேறு வேறு.

பலர் முதலில் நாடுவது வாய் கொப்பளிப்பதை. தொண்டைக் கொனோரியாவை மவுத்வாஷ் தடுக்குமா என்று ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. உறவுக்குச் சற்று முன் அழுத்திப் பல் தேய்ப்பது இன்னும் மோசம். ஈறு கீறினால் கிருமிக்கு நாமே வழி திறந்துவிட்ட மாதிரி. இந்த இரண்டையும் காப்புக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

அடுத்து ஆணுறை. ஆணுறுப்போடு வாய் சேரும்போது கொனோரியா, கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று, எச்.ஐ.வி. மூன்றுக்கும் இதைவிட எளிய தடுப்பு இல்லை. வாசனையும் சுவையும் சேர்த்த ஆணுறைகள் இதற்கென்றே விற்கின்றன. ஆனால் சிபிலிஸ் புண்ணோ ஹெர்ப்பிஸ் கொப்புளமோ உறை மூடாத தோலில் இருந்தால் ஆணுறையால் ஒன்றும் செய்ய முடியாது. உதட்டில் கொப்புளம் இருக்கும் நாட்களில் வாய்வழி உறவையே தள்ளிவைப்பதுதான் நல்லது.

பெண்ணுறுப்புக்கோ ஆசனவாய்க்கோ வாய் படும்போது 'டென்டல் டேம்' என்ற மெல்லிய லேடெக்ஸ் விரிப்பு வேண்டும். நம் ஊர் மருந்துக்கடைகளில் அது கிடைப்பது கஷ்டம். ஆணுறையின் நுனியையும் அடிவளையத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, பக்கவாட்டில் நீளமாகக் கீறி விரித்தால் அதே வேலையைச் செய்யும். ஒன்று மட்டும்: தேங்காய் எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் கிழியும்.

ஆணுறையால் முழுதாகத் தடுக்க முடியாத எச்.பி.வி.க்குத் தடுப்பூசி இருக்கிறது. எச்.பி.வி. 16 என்ற வகை பல ஆண்டுகள் கழித்து டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் என்ற தடுப்பூசி, எச்.பி.வி.யின் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரானது. பாலுறவு தொடங்கும் வயதுக்கு முன்பே போட்டுக்கொள்வதுதான் முழுப் பலன் தரும். பெண் பிள்ளைகளுக்கு மட்டுமான ஊசி என்று நினைத்துவிட வேண்டாம். மற்ற மூன்று நோய்களுக்கும் இது உதவாது.

இனிப் பரிசோதனை. பலர் ஏமாறுவது இங்கேதான். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். தொண்டையில் இருக்கும் கொனோரியா சிறுநீரில் தெரியாது. பெரும்பாலும் வலியோ கரகரப்போகூட இருக்காது. கொரோனா காலத்தில் எடுத்த மாதிரி தொண்டையில் ஸ்வாப் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நீங்களாக வாய்வழி உறவைச் சொன்னால்தான் மருத்துவர் அதை எடுப்பார். கொனோரியா என்று உறுதியானால் செஃப்ட்ரையாக்சோன் ஊசி போடுவார்கள். பிறப்புறுப்பைவிடத் தொண்டையில் அது அழிவது கடினம். அதனால் ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்வாப் எடுத்துப் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் மாத்திரை இதற்கு ஆகவே ஆகாது.

சிபிலிஸுக்கு ரத்தப் பரிசோதனை. அதன் முதல் புண் தொற்றிய 10 நாளிலிருந்து 90 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வாய்க்குள் வலியில்லாமல் வந்து, சில வாரங்களில் தானாக ஆறியும்விடும். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். உறவு முடிந்த மறுநாளே ஓடிப்போய்ச் சோதித்து 'இல்லை' என்று வந்தால் அதற்கு அர்த்தமில்லை.

ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், புதிய துணையோடு ஆணுறை என்பேன். ஏற்கெனவே உறையில்லாமல் நடந்துவிட்டது என்றால் பரிசோதனைதான். அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் காட்டலாம், எச்.ஐ.வி.க்கு அரசின் ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். நேரில் போய்ச் சொல்லக் கூச்சமாக இருந்தால் முதலில் தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.