அட்வென்ட் காலண்டர் கிட்: 24 டிராயரா, 28 பையா?

கிறிஸ்துமஸ் வரைக்கும் நாளுக்கு ஒன்றாகத் திறந்து நாள் எண்ணுவதுதான் அட்வென்ட் காலண்டர். நவம்பர் பிறந்ததும் அதைச் செய்யும் கிட் ஆன்லைன் கடைகளில் தலைகாட்டும். லேசரில் வெட்டிய 3 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகைத் துண்டுகள் தட்டையான பெட்டியில் அடுக்கி வரும். ஒட்டிச் சேர்த்தால் குறுக்கே நாலு, நெடுக்கே ஆறு என 24 குட்டி டிராயர்கள். டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒன்றைத் திறக்கலாம். அடுத்த வருஷம் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். இங்கே பார்ப்பது பிராண்ட் பெயர் இல்லாத சாதா கிட்.

முதலில் டிராயரின் அளவைப் பாருங்கள். முகப்பு 6 x 5 செ.மீ., உள்ளே கிடைப்பது 5.4 செ.மீ. அகலமும் அதே ஆழமும். விளம்பரப் படத்தில் எல்லாம் பெரிதாகத்தான் தெரியும். நாலைந்து டாஃபி, ரப்பர், ஷார்ப்பனர், மடித்த சீட்டு எல்லாம் தாராளமாகப் போகும். பையன்கள் கேட்கும் குட்டி மெட்டல் கார் சுமார் 7 செ.மீ. நீளம்; மூலைக்கு மூலை சாய்த்தாலும் நுழையாது. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் 2 அங்குலச் சொரூபம் என்றால் படுக்கவைத்தால் சரியாகப் பொருந்தும். உண்மையில் இந்த கிட்டுக்கு அதைவிட நல்ல உபயோகம் இல்லை. நாளுக்கு ஓர் ஆடு, ஓர் இடையர், ஒரு ஞானி என்று எடுத்துக் குடிலில் வைத்து, 24-ஆம் தேதி குழந்தை இயேசு. உள்ளே போடுவதும் வருஷாவருஷம் அதேதான் என்பதால் மறுபடி செலவு இல்லை.

ஒரு டிராயருக்கு ஐந்து துண்டு, ஆக டிராயர்கள் மட்டும் 120 துண்டு. ஒரே மாலையில் முடியும் வேலை இல்லை. லேசர் பட்ட விளிம்பெல்லாம் கரியாக இருக்கும். 220-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் வெள்ளை பெயின்ட் அடித்தால் கரி கலந்து சாம்பல் நிறமாகிவிடும். ஃபெவிகாலை ஈர்க்குச்சி நுனியில் தொட்டு வைத்தால் போதும். பிதுங்கி வழிந்தது காய்ந்தபின் டிராயரை உள்ளே போகவிடாது. கிளாம்ப் வேண்டாம், ரப்பர் பேண்டு இரண்டு போட்டு அரை மணி நேரம் விடுங்கள். டிராயரைச் சட்டத்துக்குள் சொருகிவைத்து மட்டும் காயவிடாதீர்கள், சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் பெயின்டில்தான். டிராயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் மொத்த இடைவெளியே 1 மி.மீ. இருந்தால் அதிகம். இரு பக்கவாட்டிலும் சட்டத்தின் உட்புறத்திலும் இரண்டு கோட் அக்ரிலிக் அடித்தால் அந்த இடைவெளி காணாமல் போகும். போதாததற்கு நம் டிசம்பர் மழைக்காலம். எம்.டி.எஃப். விளிம்பு ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பியது பழைய அளவுக்கு முழுசாகத் திரும்பாது. அதனால் முகப்புக்கு மட்டும் பெயின்ட். மற்ற விளிம்புகளுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒரு கை மெல்லிசாக ஓட்டுங்கள். ஸ்பிரிட் என்பதால் பலகை உப்பாது. காய்ந்ததும் பக்கவாட்டில் மெழுகுவர்த்தியால் தேய்த்தால் டிராயர் வழுக்கிக்கொண்டு வரும்.

இந்த கிட்டின் பெரிய குறை, முகப்பிலேயே எண்ணைப் பொறித்துவிட்டது. திருச்சபைக் கணக்கில் அட்வென்ட், அதாவது திருவருகைக் காலம், டிசம்பர் 1-இல் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலாவது ஞாயிறு. அது நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே மொத்தம் 22 நாளும் வரும், 28 நாளும் வரும். 2026-இல் நவம்பர் 29-இல் தொடங்குவதால் 26 நாள். 24 என்பது ஜெர்மனியில் அச்சுக் காலண்டர் போட்டவர்கள் வருஷாவருஷம் விற்க வசதியாக நிலைநிறுத்திய எண். அதற்கு முன்பே அங்கே கதவில் 24 சாக்பீஸ் கோடு போட்டு நாளுக்கு ஒன்றாக அழித்த வீடுகளும் உண்டு. செலவே இல்லாத முறை என்று பார்த்தால் இன்றைக்கும் அதுதான்.

கிட்டின் காசுக்குக் காடாத்துணி வாங்கி, பைகள் வைத்த தொங்கு காலண்டராகத் தைத்தால் இந்தக் கணக்கு வம்பு இல்லை. நனைத்துச் சுருங்கியபின் 90 செ.மீ. அகலமும் 2 மீட்டர் நீளமும் நின்றால் போதும். முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள், காடா சுருங்கும். பின்துணி 59 x 114 செ.மீ.; பக்கங்களை மடித்தால் அகலம் 56 நிற்கும். மேலும் கீழும் கம்பி நுழைக்க 4 செ.மீ. மடிப்பு. பைகளைத் தனித்தனியாக வெட்டாமல் 70 x 15 செ.மீ. பட்டையாக வெட்டுங்கள், மீதித் துணியின் அகலத்தில் ஆறு பட்டை வரும், பின்துணி வெட்டியபின் பக்கத்தில் மிஞ்சும் துண்டில் ஏழாவது. ஏழு நாலு 28 பை. எந்த வருஷமானாலும் போதும்.

பட்டையின் மேல் ஓரத்தை 2 செ.மீ. மடித்து அடித்தபின், ஓரம் போக 17 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள். பின்துணியில் 14 செ.மீ.க்கு ஒரு கோடு. கோட்டோடு கோடு வைத்துத் தைத்தால் ஒவ்வொரு பையிலும் 3 செ.மீ. தொய்வு கிடைக்கும். அந்தத் தொய்வை அடியில் சின்னக் கொசுவமாக மடித்துத் தையுங்கள். இதை விட்டால் பை சப்பையாக நிற்கும், ஒரு கடலைமிட்டாய்கூட உட்காராது. கடைகளில் தொங்கும் ஃபெல்ட் காலண்டரில் பெரும்பாலும் இந்தத் தொய்வே கிடையாது. எண்களும் சூடான பசையில் ஒட்டியவை, உரிந்துவிடும். அதை வாங்க வேண்டாம்.

பட்டைகளுக்கு நடுவில் 2 செ.மீ. விடுங்கள். கனமானதைக் கீழ் வரிசையில் போடுங்கள், மேலே போட்டால் துணி நடுவில் தொய்யும். கீழேயும் ஒரு கம்பி இல்லாவிட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும்.

தின்பண்டத்தை முன்கூட்டியே நிரப்பாதீர்கள். எறும்புக்கு முதல் நாளே எல்லாப் பையும் திறந்துதான் இருக்கும். மறுநாளுக்கு உரியதை முதல் நாள் இரவு போட்டால் போதும். மற்றவற்றில் சீட்டோ சொரூபமோ இருக்கட்டும். எண்ணைத் துணியில் தைக்காமல் மர கிளிப்பில் எழுதி மாட்டுங்கள். ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணில் எழுதினால் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு விளையாட்டு. ஊக்கு வேண்டாம்: மழைக்காற்றில் துருப்பிடித்துக் காடாவில் மஞ்சள் கறை விழும், எந்த சோப்புக்கும் போகாது.