டப்பாவில் 33, என் இடது காதில் 14

மரப்பட்டறையில் வட்ட ரம்பத்துக்கும் இழைப்பு மெஷினுக்கும் நடுவே ஆறு வருடமாக நிற்கிறேன். முதல் இரண்டு வருடம் காதுக்கு ஏதாவது வாங்கப் போனால் நான் பார்த்தது டப்பாவில் போட்டிருக்கும் என்ஆர்ஆர் எண்ணை மட்டும்தான்; எத்தனை டெசிபல் சத்தத்தைத் தடுக்கும் என்று சொல்லும் எண் அது. காதுக்குள் செருகும், 33 போட்ட ஃபோம் பிளக் கிடைக்கும்போது, காதை வெளியிலிருந்து மூடும், 25 போட்ட இயர்மஃப் எதற்கு? ரம்பத்தின் சத்தம் 100 டெசிபல் என்றால், 33 போக 67. சாதாரணப் பேச்சுச் சத்தம்தானே என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து உட்கார்ந்தால் இடது காதில் மட்டும் ‘ங்ங்’ என்று ஒரு ரீங்காரம்.

மூன்றாம் வருடம், பிளக்கைக் காதில் வைத்தபடியே அது எத்தனை டெசிபல் தடுக்கிறது என்று அளக்கும் ஃபிட் டெஸ்ட் ஒன்று செய்துகொண்டேன். வலது காதில் 26. இடது காதில் 14. ஒரே பாக்கெட்டில் இருந்த ஜோடி!

அளந்தவர் நான் மாட்டுவதைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். அவசரத்தில் கசக்கித் திணிப்பேன்; இடது காதில் பாதி பிளக் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மடிப்பு விழாமல் குச்சி மாதிரி உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டபின் அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடிக்கச் சொன்னார். திரும்ப அளந்தபோது இடது காது 24-க்கு ஏறியது.

அப்படியானால் 33 பொய்யா? அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1979-ல் கொண்டுவந்த லேபிள் அது. பரிசோதனைக் கூடத்தில் பத்துப் பேரை அமைதியாக உட்காரவைத்து, விஷயம் தெரிந்தவர் சரியாக மாட்டிவிட்டு அளப்பது. கிடைக்கும் சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் எண் எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு) கழித்துத்தான் எண்ணைப் போடுகிறார்கள். அவ்வளவு கழித்தும், என்னைப் போலக் கசக்கித் திணிக்கிறவன் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. அதனால்தான் அந்த நாட்டில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் அமைப்பே, டப்பா எண்ணிலிருந்து மஃப் என்றால் 25 சதவீதம், ஃபோம் பிளக் என்றால் 50, மற்ற பிளக்குகளுக்கு 70 சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொன்னது. அங்கே வேலையிடப் பாதுகாப்பு விதிகளைப் போடும் ஓஷாவின் கணக்கு வேறு: 7-ஐக் கழித்துவிட்டுப் பாதியாக்கு. 33 அதில் 13 ஆகிவிடும். என் இடது காதுக்கு வந்த 14-க்குப் பக்கத்து வீடு.

எண்ணை விட எனக்கு உறைத்தது நேரக் கணக்கு. எட்டு மணி நேர இரைச்சலில் அரை மணி நேரம் கழற்றிவைத்தால் 30 டெசிபல் தடுக்கும் பொருள்கூட மொத்தத்தில் 12-க்கு மேல் தராது. யாராவது கூப்பிட்டால் பிளக்கைப் பிடுங்கி, பிறகு அரைகுறையாகத் திரும்பச் செருகுவது என் பழக்கம். அதனால் இப்போது விட்டுவிட்டு வரும் ரம்ப வேலைக்கு 25 போட்ட மஃப்தான். கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் வந்து உட்காரும். அதிலும் குறை உண்டு: கண்ணாடியின் காம்பு குஷனைத் தூக்கிச் சந்து விடும். தடித்த காம்பை மாற்றி மெல்லியது வாங்கினேன். குஷனும் ஒரு வருடத்தில் கல்லாக இறுகிவிட்டது, அதையும் மாற்ற வேண்டியிருந்தது.

இழைப்பு மெஷின் நாள் முழுக்க ஓடினால் பிளக், அதன்மேல் மஃப். இரண்டையும் கூட்டி 58 என்று மகிழ வேண்டாம். பெரிய எண்ணோடு ஏறக்குறைய 5 சேரும், அவ்வளவுதான்.

இடது காது ரீங்காரம் இன்னும் இருக்கிறது. மூன்றாம் வருடத்துக்குப் பிறகு கூடவில்லை, குறையவும் இல்லை.