ஐபனேஸ் டிஎஸ்9: கோஷ்டியில் வாசிக்கிறவர்களுக்கான பெடல்

கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கக் காலால் மிதிக்கிற இந்தப் பச்சைப் பெடலை, வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடாதீர்கள். தனியாகக் கேட்டால் கனம் குறைந்து, மூக்கால் பாடுகிற மாதிரித்தான் இருக்கும். பேஸ், ட்ரம்ஸ், கீபோர்ட் எல்லாம் சேரும்போதுதான் அருமை தெரியும், ஏனென்றால் கீழ்ச் சுரங்களை இது அவ்வளவாகப் பெருக்காமல் 720 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியின் நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுக்கிறது, பேஸ்காரருடைய இடத்தில் நாம் போய் விழுவதில்லை. ஐபனேஸின் ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் வரிசையில் 1982இல் வந்த மாடல், ட்ரைவ் (கரகரப்பு), டோன் (ஒலியின் கூர்மை), லெவல் (சத்த அளவு) என்று மூன்றே குமிழ்கள்.

ஆனால் பாடுகிறவரின் குரலும் அந்த நடுப்பகுதியைத்தான் நம்பியிருக்கிறது. நம்மூர்க் கோஷ்டிகள் பலவற்றில் பல்லவியிலேயே பெடலைப் போட்டு, லெவலையும் ஏற்றி, பாடுகிறவர் மூச்சு விடுகிற இடமெல்லாம் லீட் கிட்டார் ஓடும், கேட்டால் அதுதான் தன் ஸ்டைல் என்பார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. மட்டக்களப்பு கல்லடியில் ஒரு கலியாண வீட்டில் சரணம் முழுக்கப் பெடலை அணைத்துவிட்டு கோர்டை மட்டும் மெதுவாகத் தட்டினேன், இரண்டாம் சரணத்துக்கு முன் வருகிற இசையில் மட்டும் ட்ரைவ் கால்வாசி, லெவல் பாதிக்குச் சற்று மேலே வைத்து மிதித்தேன், எட்டே சுரம். பாடிய அக்கா மேடையால் இறங்கி, “தம்பி, இண்டைக்கு எண்ட குரல் எனக்கே வடிவாக் கேட்டிச்சு” என்றார். கீபோர்ட்காரப் பையன் வயர் சுற்றும்போது அந்த எட்டுச் சுரத்தைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

ட்யூப் ஸ்க்ரீமர் என்றதும் அமெரிக்க ப்ளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வான் பெயர் வரும். சரி, ஆனால் அவருடைய ஸ்டைல் தடித்த கம்பியிலும் விரலிலும் இருந்தது, காசு கொடுத்துப் பெடல் வாங்கினால் அது கூடவே வராது.

பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்த இலங்கையர்) கலியாணங்களில் பைலா, கஃப்ரிஞ்ஞா என்கிற ஆட்டப் பாட்டுகள் வாசிக்கிறவர்கள் பெடலை அணைத்தே வையுங்கள். ஆறு-எட்டுத் தாளத்தில் ரிதம் கிட்டார் வெட்டி வெட்டி விழ வேண்டும், பெடல் போட்டால் அந்த வெட்டு குழைந்துவிடும், ஆடுகிறவர்களுக்குக் கால் வராது.

அப்புறம், வாங்கும்போது ஒன்பது வோல்ட் அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள். பெட்டரி இறங்கிவிட்டால் பெடலை அணைத்து வைத்தாலும் சத்தம் ஆம்ப்புக்கு (ஒலிபெருக்கிக்கு) போகாது, பாட்டு நடுவில் கிட்டார் ஊமையாகிவிடும்.