டீசல் காருக்காக வாராவாரம் வைகுந்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கார் எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அதே கார் வைத்திருப்பவர்கள் "என் வண்டியில் இப்படி ஒரு பிரச்சினையே வந்ததில்லையே" என்று சண்டைக்கு வருவார்கள், அவர்கள் சொல்வதும் பொய்யாக இருக்காது, அதுதான் இந்தக் கதையே. நாலு மீட்டருக்குள் அடங்கும் காம்பாக்ட் எஸ்யூவி, 1.5 லிட்டர் டீசல், ஆறு கியர் மேனுவல், 2021 ஆகஸ்டில் சேலத்தில் எடுத்தது. இன்றைக்கு ஓடோமீட்டர் 48,000-ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

எடுக்கும்போது எனக்கு வேலை பெங்களூரில், வீடு சேலம் அஸ்தம்பட்டியில். திங்கட்கிழமை விடியற்காலை கிளம்பி தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய் வெள்ளிக்கிழமை ராத்திரி திரும்புவேன், போக வர நானூறு கிலோமீட்டர். டீசல் எடுத்தது அதற்காகத்தான். ஏறக்குறைய ரெண்டு வருஷத்தில் 30,000 ஓடியது, ஒரு நாள் ஒரு பொழுது மக்கர் பண்ணவில்லை. சர்வீஸுக்கு விடுவேன், ஆயில் மாற்றுவார்கள், ஃபில்டர் மாற்றுவார்கள், தண்ணீர் அடித்துக் கொடுப்பார்கள். ஹைவேயில் லிட்டருக்கு இருபது, சில வாரம் இருபத்தொன்று. யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லி என் மச்சானையே ஒன்று வாங்க வைத்தேன், அவர் இப்போது என்னிடம் சரியாகப் பேசுவதில்லை, ஆனால் அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

2023 ஜூனில் சேலத்துக்கே மாற்றலாகி வந்தேன். அப்புறம் தினமும் அஸ்தம்பட்டியிலிருந்து சூரமங்கலம், ஐந்தாறு கிலோமீட்டர், அதில் பாதி நேரம் ரெண்டாவது கியர். எஞ்சின் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். மைலேஜ் பதின்மூன்றுக்கு இறங்கியது, சரி, டவுனுக்குள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அக்டோபரில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. குழாய் மாதிரி ஒரு படம், உள்ளே புள்ளி புள்ளியாக. அதுவரை அந்த விளக்கை நான் பார்த்ததே இல்லை.

அதுதான் டிபிஎஃப், அதாவது டீசல் பர்ட்டிகுலேட் ஃபில்டர். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு டீசல் கார் என்றால் அநேகமாக இது இருக்கும். சைலன்சர் பாதையில் எஞ்சினை ஒட்டியே வைத்திருக்கும் பீங்கான் தேன்கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள், புகையில் வரும் கரியை அதுதான் பிடித்து வைக்கும். பிடித்த கரியை எரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஹைவேயில் போனால் புகையே போதுமான சூட்டில் வருவதால் கொஞ்சம் கொஞ்சமாகத் தானாக எரிந்துவிடும். டவுனில் அந்தச் சூடு வராது, அதனால் கரி ஒரு அளவைத் தாண்டியதும் கம்ப்யூட்டரே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தாமதித்துப் பீய்ச்சி, டிபிஎஃப்புக்குள் 600 டிகிரி பக்கம் சூடேற்றி எரிக்கப் பார்க்கும். ரீஜென் என்பார்கள். அது நடந்து முடிய பத்து, பதினைந்து, சில சமயம் இருபது நிமிஷம் வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நானோ அது ஆரம்பித்த நாலாவது நிமிஷம் ஆபீஸ் பார்க்கிங்கில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுப் போயிருக்கிறேன், மாசக்கணக்காக. வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஹோ என்று ஓடும், அணைப்பதற்கு முன்னால் ஐடிலிங் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி இருக்கும், ஒரு சூட்டு வாடை அடிக்கும். இதெல்லாம் ரீஜென்னைப் பாதியில் வெட்டிவிட்டேன் என்பதற்கான அடையாளம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது, ஏசி போட்டிருந்ததால் ஃபேன் ஓடுகிறது என்று நினைத்தேன்.

விளக்கு வந்ததும் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். "ஹைவேல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார், போயிடும்" என்றார்கள். எவ்வளவு தூரம், என்ன ஸ்பீடு, எந்த கியர், ஒன்றும் சொல்லவில்லை. கொண்டலாம்பட்டி பைபாஸ் வரை போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு விளக்கு போகவில்லை, அப்புறம் எப்போதோ அணைந்தது, நானும் மறந்துவிட்டேன். மறுபடி ஒரு தடவை வந்து போனது. மூன்றாவது தடவை ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் லைட்டும் சேர்ந்து எரிந்து, வண்டி பட்டென்று பலம் இழந்தது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் ஏறவில்லை, பின்னால் டவுன் பஸ், டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஸ்கேனர் மாட்டி கட்டாய ரீஜென் செய்து, ஆயில் மாற்றி, மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம் பில். வாரண்டியில் வராதா என்றேன், ஓட்டும் முறையால் வந்ததற்கு வராது என்றார்கள். சரி, அதுவாவது புரிகிறது. டவுனுக்குள் மட்டும் ஓட்டினால் இப்படி ஆகும் என்று வாங்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சன்ரூஃபைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்களே.

ஆயில் ஏன் மாற்ற வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை, கடைசியாக மாற்றி நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை. எங்கள் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன்தான் விளக்கினார். சர்வீஸ் சென்டரில் ஆயில் மாற்றுவதற்கு முன்னால் அவரிடம் வண்டியைக் காட்டினேன். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். மேல் கோட்டுக்கு அரை விரல் உயரத்தில் ஆயில் நின்றது. "ஆயில் குறைஞ்சாத்தான தப்பு, கூடினா நல்லதுதானேண்ணா?" என்று கேட்டுவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் என் விரலில் ஒரு சொட்டு வைத்து முகரச் சொன்னார். அப்பட்டமான டீசல் வாடை, தண்ணீர் மாதிரி வழுக்கியது. பாதியில் நின்ற ஒவ்வொரு ரீஜென்னிலும் எரியாமல் போன டீசல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. "தம்பி, ஓட்டிக் கெடுக்கிறவன பாத்திருக்கேன். நீங்க ஓட்டாம கெடுத்திருக்கீங்க" என்றார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பி, கோயம்புத்தூர் ரோட்டில் வைகுந்தம் பக்கம் வரை, எண்பதில், ஐந்தாவது கியரில், எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் 2,000-க்குக் கீழே இறங்காமல் போய், டோல்கேட்டுக்கு முன்னாலேயே திரும்பிவிடுவேன். போக வர ஐம்பது கிலோமீட்டர் கிட்ட. ஆறாவது கியர் போட்டால் முள் இறங்கிவிடும், அதனால் வேண்டாம். "எங்க வீட்டுக்காரரு வாரா வாரம் வைகுந்தம் போயிட்டு திரும்பி வந்துடறாரு" என்று வீட்டம்மா பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், இந்த ஒன்றரை வருஷத்தில் அந்த விளக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தது, அதுவும் காய்ச்சலில் ரெண்டு ஞாயிறு போகாமல் விட்டபோது. வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற, சாம்பல் குறைவாக விடும் லோ ஆஷ் ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடுவதில்லை, ஏனென்றால் கரி எரியும், சாம்பல் எரியாது, அது டிபிஎஃப்பிலேயே தங்கிவிடும். டிபிஎஃப்பையே கழற்றி எறிந்துவிட்டு கம்ப்யூட்டரை ஏமாற்றலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது சட்டப்படி தப்பு, வாரண்டியும் போகும், பின்னால் வருகிறவன் மூக்கில் நம் கரி ஏறும். வேண்டாம்.

மற்றபடி குறை என்று பெரிதாக இல்லை. 32,000-த்தில் முன்னால் கடக் கடக் என்று சத்தம், சஸ்பென்ஷனில் லிங்க் ராட் மாற்றினேன். டச் ஸ்கிரீன் மாசத்துக்கு ஒரு தடவை உறையும், வண்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மழையில் ரிவர்ஸ் கேமரா பனி மூட்டம் மாதிரிக் காட்டும். பேட்டரி நாலு வருஷம் வந்தது, டயர் 41,000 வரை வந்தது, இதற்கெல்லாம் கோபப்பட முடியாது.

இப்போது ஓட்டம். இதைச் சொல்லும்போதுதான் எனக்கு இந்த வண்டி மேல் கோபமே போய்விடுகிறது. ஏற்காடு எங்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி, 20 கொண்டை ஊசி வளைவு, மாசம் ஒரு தடவையாவது போவோம். முன்பு இருந்த பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் ஐந்து பேர் ஏறினால் ஏசியை அணைத்துவிட்டுத்தான் மேலே போக முடியும். இதில் அந்தப் பேச்சே இல்லை, 1,600 ஆர்பிஎம் தாண்டிவிட்டால் யாரோ பின்னால் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அந்த 1,600-க்குக் கீழேதான் வினை. இடது பக்கம் திரும்பும் வளைவுகளில் உள்வட்டம் செங்குத்தாக இருக்கும், அங்கே வேகம் செத்து ரெண்டாவது கியரில் மாட்டினால் டர்போ தூங்கும், எஞ்சின் உதறும், கிளட்சைத் தேய்த்து ஏற்றப் பார்ப்போம், கருகல் வாடை வரும். கூச்சப்படாமல் வளைவுக்கு முன்னாலேயே ஃபர்ஸ்ட் போட்டுவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு பயணம் ஆனது.

உயரமாக உட்கார்ந்திருப்பதால் அடுத்த வளைவில் பஸ் இறங்குகிறதா என்று முன்னாடியே தெரிந்துவிடும், மலையில் அது பெரிய தைரியம். ஸ்டியரிங் டவுனில் ஒரு விரலால் திருப்பலாம், வேகத்தில் இன்னும் கொஞ்சம் கனமாக இருந்திருக்கலாம், நூறில் போகும்போது சக்கரம் ரோட்டில் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரிவதில்லை. ஆனால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில், லாரிகள் பிரேக் பிடிக்காமல் உருண்டு அத்தனை விபத்து நடந்திருக்கிற இடம், மூன்றாவது கியரில் விட்டுவிட்டு பிரேக்கில் கால் படாமலே இறங்கலாம், வண்டி அசையாமல் நிற்கும்.

சாய்வு உண்டு. உயரமான வண்டி, வளைவில் சாயத்தான் செய்யும். ஓட்டுகிற எனக்குத் தெரிவதில்லை, பின் சீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பழைய காரில் ஏற்காடு வரை பேசிக்கொண்டே வரும் அத்தை இதில் ஐந்தாவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார். டயர் பிரஷரை 36-லிருந்து கம்பெனி சொல்கிற 33-க்குக் குறைத்த பிறகு பத்தாவது வளைவு வரை தாங்குகிறார். பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் இன்னும் ஒரு சாண் இருந்தால் தேவலை. எங்கிருந்து வரும், 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் இருந்தால் வரிச் சலுகை என்று வைத்ததிலிருந்து எல்லாக் கம்பெனியும் அளவுக்கோலை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து வெட்டுகிறது. வரி, ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து, நான் வாங்கும்போது 31 சதவீதம், 2025 செப்டம்பர் 22-லிருந்து 18 ஆக்கிவிட்டார்கள். அதைப் படித்த அன்று நான் நியூஸை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

பெட்ரோல் மாடலுக்கும் இதற்கும் அப்போது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வித்தியாசம். இப்போதைய விலைக்கு நான் ஓட்டும் ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே மிச்சம், அதாவது 65,000 ஓடினால்தான் அந்தப் பணம் திரும்பும். பெங்களூர் போய்க்கொண்டிருந்திருந்தால் இந்நேரம் ஏறக்குறைய எடுத்திருப்பேன். இப்போது வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்தான்.

போன மாசம் ஆபீஸில் ஒருவர் இதே வண்டி, இதே டீசல் எடுக்கலாமா என்று கேட்டார். வீடு எங்கே என்றேன். "இங்கதாங்க, ஜங்ஷன் பக்கம், நடந்தே வந்துடலாம்" என்றார். மேலே எழுதியதை எல்லாம் கேன்டீனில் வைத்து முக்கால் மணி நேரம் சொன்னேன், டிப்ஸ்டிக் போட்டோகூடக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏற்காட்டுக்கு நல்லா ஏறும்னு சொன்னீங்கல்ல" என்றார். அடுத்த வாரம் டெலிவரி. ஞாயிற்றுக்கிழமை வைகுந்தம் ரோட்டுக்குத் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது.